எங்கள் ஆள் இல்லாத ஓவியங்கள்

1942 டிசம்பரில் டோக்கியோவில் பெரும் கிழக்காசியப் போர்க் கலைக் கண்காட்சி திறந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் மரவள்ளிக் கிழங்கு தின்று வளர்ந்துகொண்டிருந்தேன். போரை வரைந்து தரும்படி ஜப்பானிய ராணுவம் ஓவியர்களைப் பணித்திருந்தது. நாக்கமுரா கெனிச்சி கோத்தா பாருவில் படை இறங்கியதை வரைந்தார். சிங்கப்பூரின் புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் வெள்ளைக்காரத் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யாமாஷிதாவிடம் சரணடைந்த காட்சியை மியாமோத்தோ சபுரோ வரைந்தார். பாரிஸில் பெயர் வாங்கிய ஃபுஜிடா சிங்கப்பூரின் கடைசி நாளை வரைந்தார். அத்தகைய ஓவியங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். சனம் திரண்டு வந்து பார்த்தது.

நாங்கள் பார்த்த போர் வேறு. ஜித்ராவில் வெள்ளைக்காரப் படை முறிந்ததும் தோட்டத்துத் துரை காரேறித் தெற்கே போய்விட்டார். செம்மண் சடக்கில் ஜப்பான்காரர்கள் சைக்கிளில் வந்தார்கள். பால்வெட்டு நின்றது. ஜப்பான்காரர்கள் அச்சடித்த வாழைமர நோட்டுக்கு அரிசி கிடைக்கவில்லை. அம்மா சாக்கைக் கிழித்து உடுப்புத் தைத்தார்.

1943இல் தண்டல் லயம் லயமாக வந்தார். "மூணு மாசந்தான். சயாமுல ரயில் ரோடு போடுற வேலை. தெனம் ஒரு வெள்ளி." அப்பா போனார். போகாதவர்களைப் பிறகு லாரியில் பிடித்து ஏற்றினார்கள். 415 கிலோமீட்டர் நீளச் சயாம்-பர்மா ரயில் பாதை அந்த அக்டோபர் 17ஆம் தேதி இணைந்தது. போர் முடிந்தபின், அடுத்த லயத்துக்காரர் காலில் ஆறாத புண்ணோடு திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னார்: "அக்கா, பேதியில போயிட்டாரு. மூங்கில அடுக்கி எரிச்சோம். நம்ம ஆளுங்க பேர எழுதிக்க அங்க யாரும் இல்ல."

சயாமின் காஞ்சனபுரியில், அதே பாதையில் மாண்ட நேச நாட்டுக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஆயிரக்கணக்கில் மாண்ட தோட்டத்துத் தமிழர்களுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது.

தோற்ற ஜப்பானிடமிருந்து 153 போர் ஓவியங்களை அமெரிக்கர்கள் எடுத்துக்கொண்டார்கள், 1951இல் அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார்கள். 1970இல் அவை காலவரையற்ற கடனாக டோக்கியோ தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குத் திரும்பின. 2015இல் ஃபுஜிடாவின் போர் ஓவியங்கள் பதினான்கையும் அங்கே ஒன்றாக வைத்தபோது, டோக்கியோவில் வேலை பார்க்கும் பேரன் என்னைக் கூட்டிப்போனான்.

சிங்கப்பூர் ஓவியத்தின் முன் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அட்டுத் தீவின் கடைசிச் சண்டையைக் காட்டும் ஃபுஜிடாவின் ஓவியந்தான் என்னை நிறுத்தியது. அலூஷியன் தீவுகளில் ஒன்றான அங்கே 1943 மே மாத இறுதியில் ஜப்பானியக் காவற்படை கிட்டத்தட்ட முழுவதும் அழிந்தது. சேற்றுப் பழுப்பில் உடல் மேல் உடல், கத்தி, பற்கள், திறந்த வாய்கள். எது யாருடைய கை என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வெற்றி என்று அதில் எதுவும் இல்லை. ராணுவம் இதை எப்படி அனுமதித்தது என்று இப்போதும் வியக்கிறேன். அந்த ஆண்டு இந்த ஓவியம் வட ஜப்பானின் அவோமோரிக்குப் போனபோது, பார்க்க வந்தவர்கள் கைகூப்பிக் காசு போட்டுக் கும்பிட்டார்களாம். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் வேறென்ன செய்வார்கள்? அந்தக் காசை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே மாதங்களில்தான் என் அப்பா செத்தார்.

மலாயாவில் தண்ணீருக்குள் நின்று பாலம் கட்டும் ஜப்பானியப் பொறியியல் சிப்பாய்களை ஷிமிசு தோஷி 1944இல் வரைந்தார். அதுவும் இந்த அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. பாலத்தைத் தாங்குவது அவர்களுடைய தோள்கள் மட்டுமே. எனக்குக் கோபம் வந்தது, இன்றும் ஆறவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் பாலம் என்றால் எனக்கு அப்பாவின் தோள்.

இந்த ஓவியங்களைப் பூட்டி வை என்று நான் கேட்கவில்லை. ஊர் ஊராகப் போன ஓவியங்கள் எங்கள் ஊருக்கும் வரட்டும். மலாயாவைக் காட்டுபவற்றைப் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் மாட்டட்டும். சயாமிலிருந்து திரும்பியவர்கள் சொன்னதைப் பக்கத்துச் சுவரில் தமிழிலும் மலாயிலும் ஜப்பானிய மொழியிலும் எழுதட்டும். பெயர்கள் வேண்டுமென்றால் தோட்டந்தோட்டமாகப் போய்க் கேட்க வேண்டும். சொல்லக்கூடியவர்கள் எல்லோருக்கும் என் வயது, தள்ளிப்போட நேரமில்லை.