கூடலூருக்குக் கொண்டு போன லாரி

கம்பத்தில் குமுளி செல்லும் பேருந்தில் ஏறி அமர்ந்தபோது என் மடியில் ஒரு மஞ்சள் பை இருந்தது. அந்தப் பைக்குள் ஒரு லாரி இருந்தது. வாசக அன்பர்கள் நகைக்க வேண்டாம். ஒரு முழத்துக்கும் குறைவான நீளமுள்ள அட்டை லாரி அது. கூரை நசுங்கி, முன் அச்சு ஒடிந்து, ஒரு சக்கரம் தனியே கழன்று கிடந்தது. அதை அந்த நிலைக்கு ஆளாக்கியவன் நானே. உரியவனிடம் ஒப்படைக்கவே அந்த வெள்ளிக்கிழமைப் பயணம்.

நான் ஓதிக் கொடுக்கும் மதரஸா தேனி மாவட்டத்திலேயே வேறோர் ஊரில் இருக்கிறது. அங்கே தங்கி ஓதும் மாணவர்களுள் கூடலூர்ச் சிறுவன் ஒருவனும் உண்டு, பதின்மூன்று வயது. ஒருநாள் பாடத்தை ஒப்புவிக்கும் நேரத்தில் அவன் மடியில் இந்த லாரியைக் கண்டேன். பறித்து, கிதாபு அலமாரியின் மேல் வைத்தேன். உருவம் செய்வது ஆகுமா என்று எவரேனும் கேட்கக்கூடும். உயிரற்ற பொருள்களின் உருவத்தில் தடை ஏதும் இல்லை என்பது ஆலிம்கள் அறிந்ததே. நான் பறித்தது அதனால் அன்று. ஓதும் நேரம் ஓதும் நேரமாக இருக்க வேண்டும் என்ற கண்டிப்பினால். பத்து நாட்களுக்குப் பின் எவரோ அடுக்கிய கிதாபுக் கட்டு அதன் மேல் சரிந்திருப்பதைப் பார்த்தேன். சிறுவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. திட்டினாலும் தாங்கியிருப்பேன்.

உடைந்ததைக் கையில் எடுத்துத் திருப்பியபோதுதான் அதன் அடிப்பக்கம் கண்ணில் பட்டது. மேசையில் நிற்கும் லாரியின் அடியை யார் பார்க்கப் போகிறார்கள்? ஆயினும் அங்கே இரண்டு நீண்ட சட்டங்கள், அவற்றைப் பிணைக்கும் குறுக்குச் சட்டங்கள், இன்ஜினிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் ஜாயிண்ட் ஷாஃப்ட், சைலன்சர், ஒன்றன்கீழ் ஒன்றாகக் குட்டையாகிக்கொண்டே போகும் ஸ்பிரிங் பட்டைகள், கறுப்பு நூலால் செய்த பிரேக் குழாய்கள் யாவும் இருந்தன. விளையாட்டுக்குச் செய்தவன் இவ்வளவு செய்ய மாட்டான் என்று என் மனம் சொல்லிற்று. வியாழன் மாலை மாணவர்கள் விடுமுறைக்குக் கலைந்தனர். மறுநாள் காலை நான் புறப்பட்டேன்.

கம்பத்திலிருந்து கூடலூர் பத்துக் கிலோமீட்டருக்குள் அடங்கும் தூரம். ஆனால் அந்தத் தூரத்தில் ஒரு பள்ளத்தாக்கின் வாழ்வு முழுவதும் சாலையோரம் வந்து நிற்கிறது. பந்தல் பந்தலாய்ப் பன்னீர்த் திராட்சை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பழம். பிற பகுதிகளில் ஆண்டுக்கு ஒரு பருவம் அறுக்கும் திராட்சையை இங்கே ஆண்டு முழுவதும் அறுக்கிறார்கள். அதற்கடுத்து நெல். லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலம், 1895இல் கட்டி முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் நீரை நம்பியிருக்கிறது. அணையைக் கட்டிய பென்னிகுயிக்குக்கு லோயர் கேம்ப்பில் 2013இல் மணிமண்டபம் எழுப்பினர். மலைச்சரிவில் இறங்கும் பெருங்குழாய்களை அங்கிருந்தே காணலாம்.

விளைந்ததெல்லாம் மலையேற வேண்டும். காய்கறி, அரிசி, வைக்கோல் என்று கேரளம் செல்லும் பாரங்களுக்குக் குமுளி மலைச்சாலை ஒரு வாயில். கம்பம் மெட்டு மற்றொன்று. சபரிமலைக் காலத்தில் ஒன்றில் ஏறி மற்றொன்றில் இறங்கும்படி வாகனங்களைத் திருப்பிவிடுவதும் உண்டு. ஆகவே கூடலூரில் லாரி என்பது சாலையில் கடந்து போகும் வண்டி மட்டுமாக இருப்பதில்லை. ஓட்டுநரோ, கிளீனரோ, சுமை ஏற்றுபவரோ இல்லாத தெருவைத் தேடத்தான் வேண்டும்.

ஜும்ஆ தொழுதுவிட்டுச் சிறுவனின் வீட்டைக் கேட்டறிந்து சென்றேன். அவன் அத்தா வீட்டில் இருந்தார். அவரை ராவுத்தர் என்றே எழுதுகிறேன். “ஹஜ்ரத், நீங்களா? உள்ளே வாங்க” என்று பதறி எழுந்து பாய் விரித்தார். மகன் ஏதோ தவறு செய்துவிட்டான் என்ற அச்சம் அவர் முகத்தில் தெரிந்தது. தவறு என்னுடையது என்று சொல்லிப் பையை எடுத்து வைத்தேன். லாரியைக் கண்டதும் அவர் முகம் மாறிற்று. கையில் எடுக்கவில்லை. தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டார்.

பின்னர்ச் சிறுவனே தாழ்ந்த குரலில் சொன்னான். அது அத்தாவின் சொந்த வண்டி. ஆறு சக்கர லேலண்ட். 2020 ஊரடங்கில் பாரம் இல்லாமல் நின்று, தவணை கட்ட முடியாமல் விற்கும்படி ஆயிற்று. இப்போது அவர் பிறர் வண்டிக்குக் கூலி ஓட்டுநர். விற்ற வண்டியைப் பற்றி வீட்டில் பேச்சே கிடையாது. கைப்பேசியில் எஞ்சியிருந்த இரண்டு புகைப்படங்களையும், எட்டு வயதில் அந்த வண்டியில் ஏறி விளையாடிய நினைவையும் வைத்துக்கொண்டு அவன் செய்திருக்கிறான்.

எப்படிச் செய்தாய் என்று கேட்டதும் அவன் வேறு பிள்ளையாகிவிட்டான். பாடம் ஒப்புவிக்கும்போது வராத சரளம் அப்போது வந்தது.

முதலில் அளவு. ஓர் அடிக்கு அரை அங்குலம் என்பது அவன் கணக்கு. அதாவது இருபத்து நான்கில் ஒரு பங்கு. பதினெட்டு அடி பாடி ஒன்பது அங்குலம் ஆகிறது. எட்டடி அகலம் நான்கு அங்குலம். நாற்பது அங்குல உயர டயர் ஒன்றே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஓர் அங்குலக் கனமுள்ள பலகைக்கு ஒரு மில்லிமீட்டர் அட்டை சரியாகப் பொருந்துகிறது. ஒரு பகுதியின் அளவு தெரியாதபோது, படத்தில் டயரின் உயரத்தை வைத்து மற்றவற்றை அளந்துகொள்கிறான். டயர் மாறாத அளவு அல்லவா? இந்த யுக்தியை அவனுக்கு யாரும் கற்பிக்கவில்லை.

இந்த அளவு உலகெங்கும் வழங்குவது என்பதை நான் பின்னர் அறிந்தேன். இத்தாலியின் இட்டாலெரி நிறுவனம் இதே இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவில் லாரிப் பாகங்களைப் பெட்டியில் அடைத்து விற்கிறது. அமெரிக்காவின் ஏ.எம்.டி. இருபத்தைந்தில் ஒரு பங்கு. ஜப்பானின் தமியா பதினான்கில் ஒரு பங்கு அளவில் வானொலி அலையால் ஓடும் லாரிகளையே தருகிறது. ஆனால் அவை யாவும் அயல்நாட்டு வண்டிகள். நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் தச்சரும் வெல்டரும் சேர்ந்து கட்டும் மரப் பாடியும், முகப்பில் பூ வரைந்த கேபினும் எந்தப் பெட்டியிலும் வருவதில்லை. நம் வண்டி வேண்டுமென்றால் நாமே வெட்ட வேண்டும்.

அவன் வெட்டுவது கல்யாணப் பத்திரிகை அட்டையும், விளம்பரப் பலகை செய்வோர் கழித்துப் போடும் ஃபோம் ஷீட் துண்டுகளும். தெர்மாகோலை முதலில் முயன்று கைவிட்டானாம். உடனே ஒட்டும் பசையும் பெயின்ட் தின்னரும் பட்டால் அது கரைந்து குழிந்துவிடும். அதே பசையால் ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டினாலோ, அதன் ஆவி படிந்து கண்ணாடி வெண்மை பூக்கிறது. ஆதலால் கண்ணாடிக்கு மட்டும் ஃபெவிகால். காய்ந்தால் நிறமற்றுப் போய்விடும். டயர், தேய்ந்த ரப்பர்ச் செருப்பிலிருந்து வட்டமாக அறுத்தது. முகப்பு விளக்கு, மாத்திரை அட்டையின் குமிழ். டீசல் குழாய், பேனாவின் தீர்ந்த ரீஃபில். தார்ப்பாய்க்கு என்ன செய்தாய் என்றேன். பழைய குடைத் துணி என்றான். சாதாரணத் துணியின் இழை லாரியின் அளவுக்குக் கயிறு போல் தடித்துத் தெரியுமாம். குடைத் துணியின் நெசவு கண்ணுக்குப் புலப்படாது.

அட்டையை நீளவாக்கில் வெட்டினால் வளைகிறது. எனவே இரண்டு மெல்லிய அட்டைகளை ஒன்றின் இழை நெடுக்காகவும் மற்றதன் இழை குறுக்காகவும் ஒட்டி, கனத்தின் கீழ் ஓர் இரவு வைக்கிறான். இதைக் கேட்டதும் எனக்கு அல் ஜஸரீயின் நினைவு வந்தது. 1206இல் இயந்திரக் கருவிகள் பற்றிய தம் அரபு நூலை முடித்த அந்தப் பேரறிஞர், மரம் முறுக்கிக்கொள்ளாதிருக்கப் பலகைகளை ஒட்டி அடுக்கினார். பெரிய பொறியைச் செய்யுமுன் காகிதத்தில் சிறு மாதிரி செய்து பார்க்கும் வழக்கமும் அவரிடம் இருந்தது. எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் கூடலூரில் ஒரு பிள்ளை அதே வழியைத் தானே கண்டிருக்கிறான். நானோ அதை அலமாரியின் மேல் எறிந்திருக்கிறேன்.

வண்ணத்திலும் ஒரு நுட்பம் சொன்னான். கடையில் வாங்கிய சிவப்பை அப்படியே பூசினால் பொம்மைபோல் ஆகிவிடுகிறது. சிறிது வெள்ளை கலந்து மங்கலாக்கினால், தூரத்தில் நிற்கும் உண்மை லாரியைப் பார்ப்பது போல் இருக்கிறது. பூசிய பின் அழுக்கு. தூரிகையில் எடுத்த வண்ணத்தைத் துணியில் துடைத்துவிட்டு, ஏறத்தாழ உலர்ந்த தூரிகையால் விளிம்புகளை மட்டும் தடவ வேண்டும். கைபட்டுக் கைபட்டுப் பெயின்ட் தேய்ந்த பலகை கிடைத்துவிடும். மட்கார்டின் அடியில் காவியும் சலித்த மண்ணும். அழுக்கை எங்கே வேண்டுமானாலும் பூசக்கூடாதாம். சக்கரம் எறியும் இடத்தில்தான் சேறு இருக்க வேண்டும்.

இவ்வளவில் ராவுத்தர் தண்ணீரோடு வந்து, நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். சிறுவன் பெட்டியிலிருந்து வைக்கோல் பாரத்தை எடுத்து உடைந்த வண்டியின் மேல் வைத்தான். தேங்காய் நாரைப் பொடியாக நறுக்கி ஒட்டியது அது. பாடியை விட அகன்று, கேபினின் தலைமேலும் கவிந்திருந்தது. அவர் சட்டென்று குனிந்தார்.

“லோடு ஏத்துன வண்டி இப்படியா நிக்கும்?”

சிறுவன் திகைத்தான். நானும்தான். அவர் அமர்ந்து வண்டியைக் கையில் எடுத்தார். பின்புற ஸ்பிரிங் பட்டைகளைச் சுட்டினார். வெற்று வண்டியில் பட்டை வில்லாக வளைந்து, பின்புறம் தூக்கலாக நிற்கும். பாரம் ஏறினால் பட்டை நிமிர்ந்து படியும், பாடி இறங்கும், டயரின் அடி தரையில் சற்றே பரந்து அமரும். “நீ காலி வண்டி மேல வைக்கோலை வச்சிருக்க” என்றார். டயரின் அடியை உப்புத்தாளில் இலேசாகத் தேய்த்துத் தட்டையாக்கினால் போதும் என்று அவரே வழியும் சொன்னார்.

பிறகு நிறுத்தம் இல்லை. கயிறு குறுக்கே மட்டும் போதாது, முன்னிருந்து பின்னாகவும் இழுத்துக் கட்ட வேண்டும்; இல்லையேல் மலைத் திருப்பத்தில் பாரம் சாயும். ஓட்டுநர் பக்கக் கதவின் கீழ் ஓர் ஒடுக்கு உண்டு. அது லோயர் கேம்ப்புக்கு மேல் ஒரு வளைவில் வாங்கியது. முன் சக்கரத்தை நேராக ஒட்டாதே, சற்றுத் திருப்பி ஒட்டு. கேபினில் இருக்கைக்குப் பின்னால் படுக்கும் பலகை எங்கே? 2011 டிசம்பரில் அணைப் பிரச்சினையில் குமுளிச் சாலை அடைபட்டபோது, அந்தப் பலகையில்தான் எத்தனை இரவு படுத்தேன் தெரியுமா என்றார். சிறுவன் ஒரு தாளில் எழுதிக்கொண்டே இருந்தான். உள்ளிருந்து அவன் தாயார் நிலைப்படியில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வண்டியின் பெயர் அந்த வீட்டில் ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பின் அன்றுதான் ஒலித்தது போலும். நான் இடையில் பேசவில்லை.

2025 அக்டோபர் முதல் தேதிக்குப் பின் தயாராகும் கனரகச் சரக்கு வண்டிகளின் கேபினில் குளிர்சாதனம் இருக்க வேண்டும் என்ற விதியைப் பற்றியும் பேச்சு வந்தது. நல்லதுதான், எத்தனை கோடை வெந்திருக்கிறோம் என்றார் ராவுத்தர். தொழிற்சாலைக் கேபின் பெருகினால் பட்டறையில் மரம் அறுத்துக் கேபின் கட்டுபவர் கதி என்ன என்றும் உடனே கேட்டார். என்னிடம் விடை இல்லை.

அஸர் வரை பழுது பார்த்தோம். பார்த்தோம் என்று சொல்வது என் பேராசை. எனக்கு அளிக்கப்பட்ட வேலை ஒன்றே ஒன்று. மலையேற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் பின்னால் உருளாதபடி கிளீனர் குதித்து ஓடிச் சக்கரத்தின் கீழ் வைக்கும் கட்டை. அதைப் பாடியின் அடியில் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார்களாம். ஐஸ்கிரீம் குச்சியில் அதைச் செதுக்கச் சொன்னார்கள். அரை அங்குலக் கட்டைக்கு மூன்று குச்சிகளை வீணாக்கினேன். நான்காவதைச் சிறுவன் வாங்கிப் பார்த்து, ஒரு பக்கம் இன்னும் சரிவாக வேண்டும் ஹஜ்ரத் என்றான். பாடம் கேட்கும்போது நான் சொல்லும் அதே தொனி.

சரிவாக்கிக் கொடுத்தேன். பின் சக்கரத்தின் அருகே நூலில் கட்டித் தொங்கவிட்டான். கூரை நிமிர்ந்துவிட்டது; முன் அச்சுக்குக் குடைக்கம்பி வெட்டிப் போட்டாயிற்று; ஸ்பிரிங் பட்டைகளை மட்டும் புதிதாகச் செய்ய வேண்டும். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஆகும் என்றார் ராவுத்தர். அடுத்த வெள்ளி தமக்கு நடை இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

வெறும் மஞ்சள் பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சாலைக்கு வந்தேன். குமுளி மலையிலிருந்து இறங்கிய ஒரு லாரி கடந்து சென்றது. பாரம் இல்லை. பின்புறம் தூக்கலாகத்தான் இருந்தது.