மாமாவின் நீர்த்தொட்டி

சென்ற கோடை விடுமுறையிற் பெரும்பகுதியை யான் பெரம்பலூரையடுத்த ஒரு சிற்றூரில், என் தாய்மாமன் இல்லத்திற் கழித்தேன். அவர் சின்ன வெங்காயமும் பருத்தியும் பயிரிடுபவர். மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாட்களில் மோட்டாரை இயக்கித் தொட்டியை நிரப்புவார். அது நிரம்பிற்றா என்று பார்க்க நள்ளிரவில் விளக்கேந்திச் செல்வார். வழி சிறிதே, ஆயினும் பாம்புகள் உலவும் வழி. நீர்மட்டத்தை வீட்டிலிருந்தே அறியும் கருவியொன்று செய்து தருவதாக யான் வாக்களித்தது அதனாலேயே.

அரியலூரில் எங்கள் வீட்டில் அதனை அமைத்தேன். செவிக்கெட்டாத ஒலியை நீர்மேல் அனுப்பி, அது மீண்டுவரும் காலத்தால் தூரத்தை அறிவிக்கும் எச்.சி.எஸ்.ஆர்.04 என்னும் உணரி ஒன்று. அவ்வளவைக் கைப்பேசிக்கு அனுப்பும் ஈ.எஸ்.பி.32 என்னும் பலகை ஒன்று. மேசைமேல் ஒரு வாரம் பிழையின்றி இயங்கிற்று. தொட்டியிற் பொருத்திய மூன்றாம் நாள் பலகையின் ஒரு கால் செயலற்றது. கைப்பேசியோ கடைசியாகப் பெற்ற அளவையே காட்டி நின்றது. தொட்டி பாதிதான் நிரம்பியதென நம்பி மாமா கண்ணயர, நீர் வழிந்தோடி, அருகிற் காயவிட்டிருந்த வெங்காயம் முழுதும் நனைந்தது.

பிழை என்னுடையதே. அவ்வுணரி 5 வோல்ட்டில் இயங்குவது. தன் குறிப்பையும் 5 வோல்ட்டாகவே வெளியிடும். பலகையோ 3.3 வோல்ட்டுக்கு உரியது. மிகையான அழுத்தத்தால் உடனே கெட்டிருந்தால் யான் விழித்திருப்பேன். சிலநாள் பொறுத்திருந்ததே என்னை ஏமாற்றிற்று.

பரிகாரமோ மிக எளிது. உணரியின் கம்பியில் 1,000 ஓம் மின்தடை ஒன்றும், அதன் மறுமுனையிலிருந்து நிலக்கம்பிக்கு 2,000 ஓம் மின்தடை ஒன்றும் இணைத்து, இரண்டும் கூடுமிடத்திலிருந்து பலகைக்குக் குறிப்பை எடுத்தால், ஐந்தில் மூன்றிலிரண்டு பங்காகிய 3.33 வோல்ட்டே சென்று சேரும். இவற்றின் விலை ஒரு கோப்பைத் தேநீருக்கும் குறைவு.

நண்பர்களே, எதிர்த்திசையில் நேரும் இடர் வேறுவகையது. பழைய டி.டி.எல். உறுப்புக்கள் 2 வோல்ட்டையே ‘உண்டு’ என ஏற்கும்; ஆதலின் 3.3 போதும். 5 வோல்ட்டில் இயங்கும் சீமாஸ் உறுப்புக்கள் பலவோ 3.5 வோல்ட் வேண்டும். அங்கே 3.3 சிலபோது செல்லும், சிலபோது செல்லாது. ஒன்றும் கெடாது, ஆனால் பிழையைத் தேடுவோன் உறக்கம் கெடும். இடையே 74எச்.சி.டி. வகை உறுப்பொன்றை வைத்தல் நலம்.

மறுவாரம் புதிய பலகையுடன் அவ்விரு தடைகளையும் பற்றவைத்தேன். செய்தி நின்றால் அதனையும் கைப்பேசி அறிவிக்குமாறு திருத்தினேன். வெங்காயத்தைக் குறித்து மாமா ஒரு சொல்லும் சொல்லவில்லை. எனினும் அன்றிரவு, தொட்டி நிரம்பிற்றென்று கைப்பேசி ஒலித்தவுடன், விளக்கை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். யானும் பின்னே சென்றேன்.