சம்பல் மணற்கரையும் கூடாரமும்

நவம்பர் பிறந்ததும் சம்பல் ஆற்றங்கரையில் கூடாரங்கள் எழத் தொடங்குகின்றன. பறவை காண வருவோர், படகுச் சவாரிக்கு வருவோர், களப்பயிற்சிக்கு வரும் விலங்கியல், நிலவியல் மாணவர்கள் எனப் பலரும் இவற்றில் தங்குகின்றனர். சிலர் தோல்பூருக்கும் மொரேனாவுக்கும் இடையிலுள்ள நெடுஞ்சாலைப் பாலத்தடியில் படகேறுகின்றனர். சிலர் ஆக்ரா மாவட்டத்தின் பாஹ் வட்டாரம் வழியாக ஆற்றில் இறங்குகின்றனர். மின்விளக்கு இல்லை, கடை இல்லை, கைப்பேசிக்கு அலைவரிசையும் பல இடங்களில் கிடைப்பதில்லை. அந்த இல்லாமையே அவர்களை அழைத்துவருகிறது. முன்னால் தெளிந்த நீர், பின்னால் மழைநீர் அறுத்தெடுத்த மண்குன்றுகள். உள்ளூர் மொழியில் 'பீகட்' எனப்படும் இந்தப் பள்ளங்கள் சில இடங்களில் இரண்டு பனை ஆழம் இறங்குகின்றன. அந்தியொளி படும்போது மண் முழுவதும் செம்பொன் நிறமாகிறது. பார்ப்பவர் எவரும் அதை அழகு என்றே சொல்வர்.

அரசின் ஆவணம் அப்படிச் சொல்வதில்லை. இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்பில் நீர் அறுத்த பள்ளநிலம் தரிசின் ஒரு வகையாகவே குறிக்கப்படுகிறது. ஆங்கிலப் புவியியல் இத்தகைய நிலத்துக்குச் சூட்டிய பெயரும் 'கெட்ட நிலம்' என்னும் பொருளையே தருகிறது. வட அமெரிக்காவின் லக்கோட்டா மக்களும், அவர்கள் பகுதிக்கு வந்த பிரெஞ்சு வணிகர்களும் இட்ட பெயர்களின் வழியே வந்தது அது. பிரெஞ்சுப் பெயரின் முழுப்பொருள், கடந்துசெல்லக் கடினமான நிலம் என்பது. ஆகவே அந்தக் கேடு வழிப்போக்கனின் காலுக்கு நேர்ந்த கேடே அன்றி நிலத்தின் குணம் அன்று. ஏர் ஓடாத நிலத்தைத் தரிசு என்று எழுதும் வருவாய்த்துறைக் கண்ணும், அதே நிலத்தை வெறும் காட்சியாகக் காணும் பயணியின் கண்ணும் ஒரு கருத்தில் ஒன்றுபடுகின்றன: இங்கே எவரும் இல்லை.

சம்பல் மணலில் வாழ்வன எவை என்று கணக்கிட்டால் அந்தக் கருத்து நிற்காது. மீன் மட்டுமே தின்று வாழும் நீள்மூக்குக் கரியால் முதலை, மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும் நீர்மட்டத்துக்கு மேலுள்ள மணல்மேட்டைத் தோண்டி முட்டையிடுகிறது. பருவமழை வெள்ளம் வருவதற்குச் சற்று முன்னர் குஞ்சுகள் வெளிவருகின்றன. கீழலகு நீண்டு, நீர்ப்பரப்பைக் கீறியபடி பறக்கும் ஸ்கிம்மர் பறவை ஆற்றிடைத் திட்டுகளின் வெறுமணலிலேயே முட்டையிடுகிறது. அழிவின் விளிம்பில் நிற்கும் செம்முடி ஆற்றாமைக்கு உலகில் எஞ்சியுள்ள முதன்மையான புகலிடம் இந்த ஆறே. கூடாரமடிக்க ஏற்றது என்று பயணி தேர்ந்தெடுக்கும் இடமும், முட்டையிட ஏற்றது என்று முதலை தேர்ந்தெடுக்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றே: வெள்ளம் எட்டாத, செடி முளைக்காத, தளர்ந்த மணல்.

அந்த மணலும் சுருங்கி வருகிறது. காந்தி சாகர், ராணா பிரதாப் சாகர், ஜவாஹர் சாகர் என்னும் மூன்று அணைகளுக்கும் கோட்டா தடுப்பணைக்கும் பிறகு எஞ்சும் நீரே கீழே வருகிறது. கோடையில் நீர் வற்றும்போது ஆற்றிடைத் திட்டு கரையோடு ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் நாயும் நரியும் மாடும் அதன்மேல் நடந்தே ஏறுகின்றன. அமைதியைத் தேடிவந்தவர் நள்ளிரவில் கூடாரத்துக்குள் கேட்பது பல நாட்களில் டிராக்டர் ஒலி. சரணாலயத்தில் மணல் அள்ளத் தடையுள்ளது, ஆயினும் அள்ளப்படுகிறது. 2012 மார்ச்சில் மொரேனா மாவட்டத்தில் சட்டவிரோதமாகக் கல் ஏற்றிச்சென்ற டிராக்டரைத் தடுக்க முயன்ற இளம் காவல் அதிகாரி ஒருவர் அதன் சக்கரத்தில் நசுங்கி உயிரிழந்தார். அழகிய பள்ளத்தாக்கின் கல்லும் மணலும் எந்த விலைக்குப் போகின்றன என்பதை அந்த மரணம் காட்டிற்று.

இத்தனைக்கும் இந்த ஆறு வட இந்திய ஆறுகளுள் தூய்மையானவற்றில் ஒன்றாக எஞ்சியது எப்படி? கோட்டாவுக்குக் கீழே அதன் கரையில் பெருநகரம் எதுவும் இல்லை. சாபம் பெற்ற ஆறு என்னும் கதையால் கங்கைக்கு உள்ளதுபோன்ற தீர்த்தத் தலங்களும் இங்கே பெருகவில்லை. இவற்றோடு அச்சமும் காவலாக நின்றது. 'பாகி', அதாவது கலகக்காரர் என்று தம்மை அழைத்துக்கொண்ட கொள்ளைக் கூட்டத்தார் பீகட்டில் மறைந்திருந்த காலத்தில் வெளியார் ஆற்றை நெருங்கத் தயங்கினர். 1960இல் வினோபா பாவேயின் முன்னும், 1972இல் ஜெயப்பிரகாஷ் நாராயணின் முயற்சியாலும் பலர் ஆயுதங்களை ஒப்படைத்தனர். மக்களுக்கு அது விடுதலை. அச்சம் விலகியபின் புல்டோசர்கள் வந்தன. பள்ளங்கள் சமன்செய்யப்பட்டு வயல்களாயின. 1980களில் வானிலிருந்து விதை தூவிப் பள்ளங்களைப் பசுமையாக்கவும் முயன்றனர். அவ்வாறு பரவிய மரம் 'விலாயதி பபூல்'. தமிழ்நாட்டின் சீமைக்கருவேலமும் அதுவே. இரு பெயர்களுக்கும் பொருள் ஒன்று, துயரமும் ஒன்று. தரிசைத் திருத்தும் ஆசை இரு நிலங்களிலும் ஒரே முள்ளை விளைவித்திருக்கிறது.

இவ்விடத்தில் கூடாரவாசி தவிர்க்க முடியாத கேள்வி ஒன்று எழுகிறது. கோடையில் ஆற்றுமணலில் வெள்ளரியும் தர்ப்பூசணியும் பயிரிடுவது கரையோர ஏழைக் குடும்பங்களின் பழைய தொழில். மீன்பிடிப்பும் அத்தகையதே. சரணாலயம் அறிவிக்கப்பட்டபின் இரண்டும் குற்றமாயின. முதலையின் முட்டைக்கும் வலையில் சிக்கும் குஞ்சுக்கும் அத்தடை தேவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் வெள்ளரிக்கொடிக்கு இடமில்லாத ஆற்றில் கட்டணம் செலுத்தியவரின் கூடாரத்துக்கு இடமுண்டு என்றால், பாதுகாப்பு என்னும் சொல் கரையிலுள்ளவர் காதில் வேறு பொருளில்தான் ஒலிக்கும். தன் நிலத்தை இழந்தவனே பிறகு மணல் டிராக்டரை ஓட்டும் கூலியாகவும் ஆகக்கூடும்.

ஆகவே எளிய முகாம் என்பது வசதிக் குறைவை மட்டும் குறிக்கும் சொல்லாக இருக்கலாகாது. உரிமைக் குறைவையும் குறிக்க வேண்டும். வனத்துறையின் அனுமதி பெறுவது தொடக்கம் மட்டுமே. கூடாரம் மணல்மேட்டில் அன்றி, அதற்கு அப்பால் உயர்ந்த கெட்டிக்கரையில் அமைய வேண்டும். சனவரியோடு முகாம் முடிய வேண்டும். பிப்ரவரி முதல் மணல் முட்டையிடும் உயிர்களுக்கு உரியது. இரவில் ஒளிவிளக்கை நீரை நோக்கி வீசலாகாது. படகும் உணவும் வழிகாட்டலும் கரையோர ஊராரிடமே பெறப்பட வேண்டும். அந்த வருவாய், இழந்த வெள்ளரிப் பருவத்துக்குச் சிறிய ஈடாகவேனும் அமையும்.

களப்பயிற்சி மாணவருக்குக் கூடுதலாக ஒரு கடமை உண்டு. முகாமின் முடிவில் எழுதும் அறிக்கையில் 'மனித நடமாட்டமற்ற பகுதி' என்னும் தொடர் எளிதில் வந்து விழும். அதை எழுதுமுன், படகோட்டியவரின் தந்தை என்ன தொழில் செய்தார், அந்த மணலில் முன்னர் என்ன விளைந்தது, இப்போது யார் அள்ளுகிறார் என்று கேட்டு எழுதுவது நல்லது. ஒரு நிலம் தரிசு என்று முடிவாவது முதலில் தாளில்தான். புல்டோசர் அதற்குப் பிறகே வருகிறது.