தெஹ்மினா இல்லாத முகாம்

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1942, 1943 ஆகிய ஆண்டுகளில் ‘மைசூர்ப் பறவைகள்’ என்ற ஆய்வறிக்கை தொடராக வெளிவந்தது. களப்பணியைச் செய்து எழுதியவர் சாலிம் அலி. வகைப்பாட்டுக் குறிப்புகளை இங்கிலாந்திலிருந்து சேர்த்தவர் ஹியூ விஸ்லர். எந்தப் பறவை எந்த ஊரில், எந்தக் காட்டில் கிடைத்தது, எத்தனை மாதிரிகள் சேகரிக்கப்பட்டன என்று இனம் இனமாக நடக்கும் எழுத்து அது. களத்துக்குப் புறப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1939 ஜூலையில், எழுதியவரின் மனைவி தெஹ்மினா இறந்துபோனார். இவ்வகை அறிக்கையில் அதற்கு இடமில்லை. இருக்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

எனினும் ‘மைசூர்ப் பறவைக’ளைப் படிக்கும் ஆய்வு மாணவர்கள் அந்த ஆண்டை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. சாலிம் அலியும் தெஹ்மினாவும் 1918இல் மணம் செய்துகொண்டவர்கள். அவர் பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். நிலையான உத்தியோகமும் இல்லாதவர். அருங்காட்சியக வழிகாட்டி விரிவுரையாளர் வேலையும் நெடுநாள் நீடிக்கவில்லை. பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெசெமானிடம் பயின்று 1930இல் திரும்பியபோது கையில் பயிற்சி இருந்தது, சம்பளம் இல்லை. அப்போது அவர் கண்டுபிடித்த வழி விசித்திரமானது: சமஸ்தானங்கள் முகாம் செலவை மட்டும் ஏற்றுக்கொண்டால், அவற்றின் பறவைகளை ஊதியமின்றி ஆய்ந்து தருவதாக முன்வந்தார். ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி, மத்திய இந்தியா எனப் பணி தொடர்ந்தது. மழை, அட்டை, மலேரியா, மாட்டுவண்டி, கூடாரம் என்று கழிந்த அந்த வாழ்க்கையில் தெஹ்மினா பெரும்பாலும் உடனிருந்தார். இங்கிலாந்தில் படித்த அவருடைய ஆங்கிலமே கணவரின் நடைக்கு மெருகேற்றியது என்பதும் பதிவாகியிருக்கிறது. சிறிய அறுவைச் சிகிச்சை ஒன்றைத் தொடர்ந்து அவர் இறந்தார். சாலிம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. அந்த இழப்பைப் பற்றி அவர் நூலில் எழுதியது தன்வரலாற்றில். அது வெளிவந்தது 1985இல்.

அதற்குப் பின் அவர் வந்துசேர்ந்த நிலம், பறவை ஆய்வாளனுக்கு ஒரு பெருங்கொடை. அன்றைய மைசூர் சமஸ்தானத்தின் மேற்கு விளிம்பில், ஆண்டுக்கு ஏழாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஆகும்பே. கிழக்கே ஓரிரு நூறு கிலோமீட்டர் நகர்ந்தால் சித்ரதுர்க்கத்தின் வறண்ட பாறைக்குன்றுகள். மேற்குப் பகுதியை மலநாடு என்றும் கிழக்குப் பகுதியை மைதானம் என்றும் கன்னடத்தில் இன்றும் பிரித்துச் சொல்கிறார்கள். முன்னதில் தீக்காக்கையும் தவளைவாயனும் சீகாரப் பூங்குருவியும்; பின்னதில் கல்கவுதாரியும் வானம்பாடியும், பாறைச் சரிவுப் புதர்களை மட்டும் நம்பி வாழும் மஞ்சள்தொண்டைச் சின்னானும். மாட்டுவண்டி வேகத்தில் இந்த எல்லையைக் கடந்தவனுக்கு, பறவைகள் மாறுவது நாளுக்கு நாள் காதில் விழுந்திருக்கும். இன்று நான்குவழிச் சாலையில் கடப்பவருக்கு அது இரண்டு உணவகங்களுக்கு இடையே நடந்துமுடிந்துவிடுகிறது.

அமெரிக்க அருங்காட்சியகத்தின் பிராங்க் சாப்மன் 1917இல் கொலம்பியாவின் பறவைப் பரவல் குறித்த பெருநூலை வெளியிட்டார். அங்கே ஆண்டிஸ் மூன்று தொடர்களாகப் பிரிகிறது. இடையில் காக்கா, மக்தலேனா ஆறுகளின் வெப்பமான பள்ளத்தாக்குகள். உச்சிக் காட்டுப் பறவைக்கு அந்தப் பள்ளத்தாக்கு ஒரு கடல். ஒரே குலத்தின் பறவை ஒவ்வொரு தொடரிலும் ஒவ்வொரு வடிவம் கொள்கிறது. தென்னிந்தியாவில் மலைகள் அத்தனை உயரமில்லை. பாபா புதன் மலைத்தொடரின் முல்லையனகிரியே 1,930 மீட்டர்தான். ஆனால் கேள்வி அதே கேள்வி. எந்த மலை எந்த மலையோடு தொடுத்துக்கொண்டிருக்கிறது, எது தனித்து நிற்கிறது?

மைசூருக்குத் தென்கிழக்கே ஒரு நாள் பயணத்தில் இருக்கும் பிலிகிரி ரங்கன் மலையில் இக்கேள்வி மிகக் கூர்மையடைகிறது. அது மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கும் இடம். அதன் அடிவாரத்தில் முட்காடு, சரிவில் இலையுதிர்காடு, உச்சியில் புல்வெளியும் சோலையும். தமிழ்நாட்டு மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சாலிம் அலியின் காலத்தில் இம்மலையின் கிழக்குப் புறத்துக் கொள்ளேகால் தாலுகா மைசூரைச் சேர்ந்ததல்ல; சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1956இல்தான் அது மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. அரசியல் எல்லை மலைக்கு நடுவே ஓடியது. சின்னக் குக்குறுவானுக்கு அது தெரியாது. மலைமேல் ஹொன்னமெட்டியில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஆர். சி. மோரிஸ், யானையும் காட்டெருதும் பறவையும் குறித்து அதே கழக இதழில் தொடர்ந்து எழுதியவர். தோட்டக்காரர், வேட்டைக்காரர், இயற்கையாளர் ஆகிய மூவரும் ஒரே உடலில் வசித்த தலைமுறை அது.

மோரிஸின் பெயர் இதழில் இருக்கிறது. காட்டுக்குள் அவரைப் போன்றோரை அழைத்துச் சென்ற சோளகர்களின் பெயர்கள் அக்கால இயற்கை எழுத்தில் அரிதாகவே வருகின்றன. தமிழ் வாசகர்கள் இம்மக்களைச் சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து, ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவல் வழியே அறிவார்கள். எந்தச் சரிவில் எந்த மரம் எப்போது பழுக்கும், பழுத்தால் எந்தப் பறவை வரும் என்பது பிழைப்பிலிருந்து பிறந்த அறிவு. அதைத் தந்தவன் உதவியாள் ஆனான், கேட்டு எழுதியவன் ஆசிரியர் ஆனான். இது சாலிம் அலி என்ற ஒருவரின் குறையன்று. அந்த எழுத்துவகையே அப்படித்தான் வார்க்கப்பட்டிருந்தது. தெஹ்மினாவுக்கு அதில் இடமில்லாததும் சோளகருக்கு இல்லாததும் ஒரே அச்சின் விளைவு. 2011இல் இம்மலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் சோளகர்களின் சமூக வன உரிமைகளும் அங்கே அங்கீகரிக்கப்பட்டன.

இத்தகைய ஆய்வுகளின் பட்டறிவிலிருந்து ஒரு பெரிய கருத்தும் பிறந்தது. தென்மேற்கு மலைகளின் சில உயிரினங்களுக்கு நெருங்கிய உறவினர் கிழக்கு இமயத்தில். இடைப்பட்ட நிலத்தில் யாருமில்லை. மீன்களை வைத்து இதற்கு விடை தேடிய சுந்தர் லால் ஹோரா, ஒருகாலத்தில் ஈரமாயிருந்த சாத்பூரா மலைத்தொடர் வழியாக அவை வந்தன என்றார். 1949இல் சாலிம் அலி பறவைகளை வைத்து அதற்கு ஆதரவாக எழுதினார். இன்று அந்தக் கருதுகோளைப் பலர் முழுமையாக ஏற்பதில்லை. 2017இல் வெளியான மரபணு ஆய்வொன்று, சோலைக்காடுகளின் சிரிப்பான்களும் சோலைக்கிலிகளும் அங்கேயே நெடுங்காலம் தனித்துக் கிளைத்தவை என்று காட்டி, அவற்றுக்கு இரு புதிய பேரினங்களை வகுத்தது. சாலிம் அலி தவறிவிட்டார் என்று இதைப் படிப்பது மலிவான வாசிப்பு. உயிரினம் எங்கே இருந்தது, எங்கே இல்லை என்ற களப்பதிவு இல்லாமல் மரபணு ஆய்வாளருக்குக் கேள்வியே எழுந்திருக்காது. பதிவு விளக்கத்தைவிட நெடுநாள் வாழ்கிறது. அக்காலத்தில் சுட்டுப் பாடம் செய்த பறவைகளின் கால்விரலிலிருந்து இன்று மரபணுவை எடுக்கவும் முடிகிறது.

அபூர்வமானதை மட்டும் எழுதும் ஆசை எந்தப் பறவையாளனுக்கும் உண்டு. கணக்கெடுப்போ சாதாரணத்தையும் எழுதச் சொல்கிறது. 1940இல் பிணந்தின்னிக் கழுகு இல்லாத ஊர் குறைவு; எண்ணிவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. கால்நடைக்குத் தரப்பட்ட டைக்ளோஃபெனாக் மருந்தால் வெண்முதுகுக் கழுகு 1990களிலிருந்து நூற்றில் ஒன்றுகூட மிஞ்சாமல் சரிந்தபோதுதான், பழைய எண்கள் எங்கே என்று தேடினார்கள்.

மைசூர்க் களப்பணி தாளில் மட்டும் முடியவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே காவிரியில், 1640களில் கண்டீரவ நரசராஜ உடையார் எழுப்பிய அணையால் உருவான திட்டுகளில் நீர்ப்பறவைகள் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டிவந்தன. அவ்விடத்தைக் காக்க வேண்டுமென்று சாலிம் அலி வற்புறுத்தினார். 1940இல் மைசூர் அரசு அதைச் சரணாலயமாக்கியது. அதுவே ரங்கனதிட்டு. வேடந்தாங்கலின் கதை வேறு. அங்கே ஏரியின் எச்சநீர் வயலுக்கு உரமென்று அறிந்த ஊரார், அரசாணை வருவதற்கு வெகுமுன்பே பறவைகளைக் காத்தார்கள். ரங்கனதிட்டில் ஒரு தனிமனிதனின் சொல்லுக்கு அரண்மனை செவிசாய்த்தது. மனைவியை இழந்த ஓராண்டுக்குள்ளாகவோ சற்றுப் பின்னரோ ஒருவர் நாரைகளுக்காக வாதாடினார் என்பதற்கு மேல் இதில் எதையும் ஏற்றிச் சொல்வது மிகை.

2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அத்திட்டுகள் இன்று முற்றிலும் காவிரியின் கையில் இல்லை. சற்று மேலே கிருஷ்ணராஜ சாகர் அணை. தமிழ்நாட்டுச் செய்திகளில் டி.எம்.சி. கணக்காக வரும் அந்த நீர், இந்தக் கூடுகளின் ஊடாகத்தான் மேட்டூருக்கு வருகிறது. தென்மேற்குப் பருவமழை வலுத்து மதகுகள் திறக்கப்படும் மாதங்களே நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் குஞ்சு பொரிக்கும் மாதங்கள். 2018, 2019 வெள்ளங்களில் திட்டுகளின் கரை அரிக்கப்பட்டது, மரங்கள் சாய்ந்தன, தாழ்ந்த கிளைகளின் கூடுகள் போயின. வனத்துறை மணல்மூட்டை அடுக்கிக் கரைகளைத் தாங்கி நிறுத்துகிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் ஆறு இளைத்துப் பாறை தெரிகிறது. அப்போது கரையிலிருந்து திட்டுக்கு நாய் நடந்தே போய்விடலாம்.