கப்பியின் குரல்

எங்கள் வம்சாவளி நோட்டில் அப்பாவின் அத்தைக்குக் கிடைத்தது ஒரே வரி: 'மூன்றாவது பெண். சந்ததி இல்லை.' பெயர்கூட இல்லை. அந்த அத்தைப் பாட்டி குழந்தைகளுக்குக் கதை எழுதியவர் என்பதை, டிரங்குப் பெட்டியில் கிடந்த ஒரு மணியார்டர் கூப்பன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஒரு கதைக்கு ஐந்து ரூபாய். புனைபெயர் என்னவென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்குப் போகத் தொடங்கினேன். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த புத்தகங்கள்தான் அதற்கு அஸ்திவாரம். சிறுவர் இதழைச் சேர்த்து வைக்கத் தனிப் பித்து வேண்டும். பிள்ளைகள் கிழித்தது போக மிச்சம் பொட்டலம் மடிக்கப் போய்விடும்.

அந்தக் காலத்து இதழ்களின் பெயர்களே எனக்குப் பெரிய சந்தோஷம். டமாரம், சங்கு! இரண்டுக்கும் அழ. வள்ளியப்பா கௌரவ ஆசிரியர். வங்கி வேலையும் பார்த்துக்கொண்டு, 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தையும் தொடங்கியவர். பிள்ளைகளைக் கூப்பிடச் சத்தம்தான் வேண்டும் என்று அந்தத் தலைமுறைக்குத் தெரிந்திருக்கிறது.

என் பாட்டியையும் சத்தம்தான் காட்டிக்கொடுத்தது. பைண்டு செய்த ஒரு தொகுதியில் இரண்டு பக்கக் கதை. ராத்திரி கிணற்றடியில் பேய் அழுகிறது என்று ஒரு பையன் பயப்படுகிறான். கப்பிதான் கத்துகிறது என்று அப்பா அதற்கு எண்ணெய் போடுகிறார். மறுநாள் அந்தச் சத்தம் இல்லாமல் பையனுக்குத் தூக்கம் வரவில்லை. கப்பி கத்துவதை 'கிர்ர்ரீ... க்கூ' என்று எழுதியிருந்தது. என் கை அப்படியே நின்றுவிட்டது. எங்கள் வீட்டுக் கப்பி அப்படியேதான் கத்தும். இழுக்கிற ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு முனகல், வாளி மேலே வந்ததும் கடைசியாக ஒரு 'க்கூ'. எண்ணெய்க் கிண்ணத்தோடு யார் போனாலும் பாட்டி விடமாட்டார். "கத்தட்டும். வீட்ல ஆள் இருக்குன்னு தெரியட்டும்" என்பார். அந்த வீடு இப்போது இல்லை, கிணற்றையும் தூர்த்துவிட்டார்கள்.

அன்று மாலையே அப்பாவுக்குப் போனில் வாசித்தேன். கப்பி வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"அது வாளி மேல வர்ற சத்தம். கீழ போறப்ப வேற மாதிரி."

எண்பது வயதுக் குரலில் அதையும் கத்திக் காட்டினார்.




அடுத்த வரியில் அது அப்படியே இருந்தது.