கதவின் பெயர்

குருமடத்தில் இலத்தீன் பயின்றபோது, சனவரி மாதம் யானுஸ் என்னும் உரோமைத் தெய்வத்தின் பெயரைத் தாங்கியது என்று அறிந்தேன். 'யானுஸ்' என்றால் வளைவு வாயில். 'யானுவா' என்றால் கதவு. 'செல்லுதல்' என்னும் வினையிலிருந்து இப்பெயர் பிறந்ததெனச் சிசரோ எழுதினார். ஆக, கடந்து செல்லும் வழியே தெய்வமாயிற்று. முன்னும் பின்னும் நோக்க அதற்கு இரு முகங்கள்.

அத்தெய்வத்தின் கதவுகள் உரோமையில் போர்க்காலத்தில் திறந்திருக்கும்; அமைதி நிலவினால் மூடப்படும். தம் பிறப்புக்கு முன் இருமுறையே மூடப்பட்ட அவற்றைத் தம் ஆட்சியில் மும்முறை மூட ஆட்சிமன்றம் ஆணையிட்டதாக அகுஸ்து பெருமையோடு பதிவு செய்தார். அதே அகுஸ்துவின் காலத்தில்தான், விடுதியில் இடமின்றி, இறைமகன் தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன், புத்தாண்டு நள்ளிரவுத் திருப்பலி முடிந்து, களைப்போடு பங்கு இல்லத்தின் கதவைச் சாத்தினேன். சற்று நேரத்தில் யாரோ தட்டினார். "காலையில் வாருங்கள்" என்று உள்ளிருந்தே சொன்னேன். காலடி ஓசை தேய்ந்தது. நிம்மதியாக உறங்கினேன். அவர் பின்னர் வரவேயில்லை, யாரென்றும் அறியேன்.

1968 முதல் சனவரி முதல் நாள் திருச்சபைக்கு உலக அமைதி நாள். இறைவனின் தாய் மரியாவின் பெருவிழாவும் அன்றே. அன்று மாலை மரியன்னை மன்றாட்டில் 'விண்ணகத்தின் வாயிலே' என்றபோது அதன் இலத்தீன் வடிவம் நெஞ்சில் தைத்தது: 'யானுவா சேலி'. அதே பழைய சொல். உரோமை கதவை மூடி அமைதியைக் கொண்டாடியது. நானும் அவ்வாறே உறங்கினேன். தம்மையே வாயில் என்ற ஆண்டவரோ, திறந்த கதவில் அமைதி தருகிறார். இப்போது இரவில் யார் தட்டினாலும் எழுந்து செல்கிறேன்.