கைப்பிடியும் கந்தல் துணியும்

கார்க் கதவின் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடியைக் கழற்றுவது பற்றி ஆண்டு மலரில் ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். தமிழின் இனிமையைப் பற்றியும் தாஜ்மகாலின் எழிலைப் பற்றியும் எழுத நம் கல்லூரியில் வல்லவர் பலர் உண்டு. ஆனால் எங்கள் சுண்ணாம்புக்குளத்தில் ஒரு குடும்பத்தின் பிழைப்பே சில நாள் இந்தக் கைப்பிடியில் தொங்கியது. ஆகவே எழுதத் துணிந்தேன்.

இன்று பொத்தானை அழுத்தினால் கண்ணாடி இறங்குகிறது. 1950களின் இறுதியில் வந்த அம்பாசடரும், 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ம் நம் சாலைகளை ஆண்ட காலத்தில் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். அவ்விரு கார்களின் உற்பத்தியும் 2014-இல் நின்றுவிட்டது. ஆயினும் பழக்கம் போகவில்லை. காருக்குள் இருப்பவரிடம் ‘கண்ணாடியை இறக்கு’ என்று சைகை காட்டும்போது நாம் இன்னமும் கையைச் சுற்றித்தானே காட்டுகிறோம்?

சுற்றுவது எளிது, கழற்றுவதுதான் புதிர். கதவின் உள்ளிருந்து ஒரு தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றிலும் நுண்ணிய பல் வெட்டுகள். கைப்பிடியின் துளையிலும் அதே பற்கள். சில கார்களில் கைப்பிடியின் நடுவே ஒரு திருகு தெரியும், அது தொல்லையில்லை. வேறு பலவற்றில் கைப்பிடியின் கழுத்துக்குப் பின்னால், குதிரை லாடம்போல் வளைந்த ஒரு சிறு கம்பிக் கிளிப் கவ்விக்கொண்டிருக்கும். பார்ப்பவன் கண்ணுக்கு அது படாது. திருகைத் தேடுவான், இராது. இழுப்பான், வராது. பிறகு ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்புவான். கைப்பிடி வருவதற்கு முன் கதவின் உள் அட்டை உடைந்து வரும்!

என் தாய்மாமா ஒரு பழைய வேன் வைத்திருக்கிறார். விடியற்காலையில் ஏரியில் பிடித்த இறாலும் நண்டும் கூடைகளில் ஏற, விற்கப் போகும் பெண்களும் ஏறிக்கொள்ள, வேன் ஆரம்பாக்கத்துக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் போகும். திரும்பி வந்து பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும். சென்ற ஐப்பசி மழையில் இடப்பக்கக் கண்ணாடி தடாலென்று கதவுக்குள் இறங்கிவிட்டது. கைப்பிடி சுற்றியது, கண்ணாடி ஏறவில்லை. சாரலில் பிள்ளைகளும் புத்தகங்களும் நனைந்தன. இரண்டு வீட்டார் ஆட்டோவுக்கு மாறிவிட்டனர். வேனுக்கு மாதத் தவணையோ பாக்கி. “இன்னும் ரெண்டு வீடு நின்னுச்சுன்னா வண்டியக் குடுத்துட வேண்டியதுதான்டா” என்றார் மாமா. அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆரம்பாக்கத்தில் சாலையோரம் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போனோம். கண்ணில் புரை விழுந்து, அறுவைக்கு நாள் குறித்திருந்தார். “எனக்கு உள்ள இருக்கறது தெரியாது தம்பி. நான் சொல்றேன், நீ செய்” என்றார். அவர் என் கையில் கொடுத்தது ஸ்பேனர் அன்று. பழைய வேட்டியில் கிழித்த ஒரு முழத் துணி!

முதலில் மறுபக்கக் கண்ணாடியை முழுக்க ஏற்றி, அப்போது கைப்பிடி எந்தத் திசையில் நிற்கிறதென்று மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார். திரும்ப மாட்டும்போது இரண்டும் ஒன்றுபோல் நிற்க வேண்டுமல்லவா? பிறகு அட்டையைச் சற்று உள்ளே அழுத்தி, கைப்பிடிக்குப் பின்னால் துணியை நுழைத்து, இரு முனைகளையும் பிடித்து இடமும் வலமுமாக அறுப்பதுபோல் இழுத்தேன். “வெடுக்குன்னு இழுக்காத. நண்டு வலையில சிக்கினா எப்படி எடுப்ப?” என்றார் மாமா. துணி கிளிப்பின் முனையில் மாட்டியது கைக்குத் தெரிந்தது. ‘டிக்’ என்று ஓர் ஓசை. மாமா உள்ளங்கையைக் குவித்துக் காத்திருந்ததால் கிளிப் தெறித்து மணலில் விழவில்லை. கைப்பிடி பழம்போல் கையில் வந்தது.

அட்டையைக் கழற்றி, அதன் பின்னிருந்த பிளாஸ்டிக் தாளை விலக்கியபோதுதான் உண்மை விளங்கியது. கார்க் கதவு நீர் புகாத பெட்டியன்று. கண்ணாடியோரம் வழியும் மழைநீர் உள்ளே இறங்கத்தான் செய்யும். அது வெளியேறவே கதவின் அடியில் சிறு துளைகள் விட்டிருக்கிறார்கள். மாமாவின் வேனில் அத்துளைகள் மணலாலும் மீன் செதிலாலும் அடைபட்டிருந்தன. தேங்கிய உப்பு நீர் கண்ணாடியைத் தாங்கும் இரும்புப் பட்டையைத் தின்றுவிட்டது.

மாமா துளையைக் குத்திவிட்டுக்கொண்டே, “நம்ம ஏரிக் கதைதான்டா” என்றார். எவ்வளவு பெரிய உண்மை! பழவேற்காடு ஏரிக்கு ஆரணியாறும் காளங்கியும் நன்னீர் கொணர்கின்றன. முகத்துவாரம் வழியே கடல்நீர் வந்து போகிறது. முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வர வழியில்லை. கோடையில் நீர் வற்றி உப்பு ஏறுகிறது. அதைத் தூர்வாரித் தரும்படி மீனவர்கள் குரல் எழுப்புவது நெடுநாளாய்த் தொடர்கிறது. வாய் அடைபட்டால் கதவும் கெடும், ஏரியும் கெடும்.

பழைய இரும்புக் கடையில் கிடைத்த ஒரு பட்டையைப் பொருத்தி, கிரீஸ் தடவி, கிளிப்பைக் கைப்பிடியிலேயே மாட்டித் தண்டின்மேல் வைத்து அழுத்தினேன்; கவ்விக்கொண்டது. மறுநாள் விடியலில் கூடைகள் ஏறின. மாறிப்போன இரு வீட்டாரில் ஒருவர் திரும்பி வந்தார். தவணையும் கட்டப்பட்டது.

பிற்பாடு சுசுகி நிறுவனத்தின் பணிமனைக் கையேடு ஒன்றைக் காண நேர்ந்தது. கைப்பிடியைக் கழற்றும் இடத்தில் அவர்கள் சொல்லும் கருவி எது தெரியுமா? துணிதான்! ஜப்பானியப் பொறியாளர் ஏட்டில் எழுதியதை, எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஆரம்பாக்கத்துப் பெரியவர் விரலில் வைத்திருக்கிறார்.

மாணவ நண்பர்களே! நம் படிப்பு வீண் என்று நான் சொல்ல வரவில்லை. கைப்பிடி ஏன் தண்டைத் திருப்புகிறது என்பதை எனக்குக் கற்பித்தது இயற்பியல் வகுப்புதான். கிளிப் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைக் கற்பித்தது பட்டறை. முன்னது நூலகத்தில் என்றும் இருக்கும். பின்னது பெரியவர்களோடு போய்விடும். அவர்கள் இருக்கும்போதே அருகில் அமர்ந்து கேட்டுக்கொள்வோம்.

இன்னொன்று. அடுத்த மழைக்கு முன் உங்கள் வீட்டு வண்டியின் கதவடித் துளைகளை ஓர் ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.